வர்த்தகமும் முகிற்கணிமையும்

ஒரு வர்த்தகருக்கு உள்ள செல்வங்களுள் பெருஞ்செல்வம் யாது? கடையிலே குவிந்து கிடக்கும் சரக்கு என்பர் சிலர். இரும்புப் பெட்டியில் இருக்கும் ரொக்கம் என்பர் வேறு சிலர். பல்லாண்டு அனுபவம் வாய்ந்த வர்த்தகரோ தமது பேரேட்டையே எடுத்துக் காட்டுவார். சரக்கு எரிந்துபோனால் காப்புறுதிப் பணம் கிடைக்கக்கூடும். ரொக்கம் களவுபோனால் மீண்டும் உழைத்துத் தேடலாம். எவர் எவ்வளவு தரவேண்டும், எவருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், எந்தச் சரக்கு எந்த விலைக்கு வந்தது என்னும் விவரம் அழிந்துவிட்டாலோ, அந்த வர்த்தகம் கண்ணிழந்தவன் நிலையை அடைந்துவிடும். முன்னாளில் வர்த்தகர்கள் பேரேட்டை இரும்புப் பெட்டியிலே வைத்துப் பூட்டியதும், வெள்ளம் எட்டாத மேற்றட்டில் அடுக்கியதும் இக்காரணம் பற்றியே.

இன்று அந்தப் பேரேடு காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிவிட்டது. நாளேடும், பேரேடும், ஐந்தொகையும், கடன் கொப்பியும் எல்லாம் கணினிக்குள் அடங்கிவிட்டன. ஆயினும் பழைய கவலை மாறவில்லை. கடையின் பின்னறையிலே வைக்கப்பட்டுள்ள கணினியின் வன்றட்டு ஒருநாள் பழுதானால் என்ன செய்வது? மின்னல் தாக்கினால், வெள்ளம் புகுந்தால், களவுபோனால் யாது நிகழும்? வர்த்தகம் வளர்ந்து, அந்தக் கணினிக்கு வேலை தாங்கமுடியாமற் போனால் மற்றொன்றை வாங்குவதா? வாங்குவதாயின் எத்தகையது, எவ்வளவு பெரியது? இக்கேள்விகளுக்கு இக்காலத்துத் தொழினுட்பம் அளிக்கும் விடைகளுள் ஒன்றே முகிற்கணிமை. மேகக் கணிமை என்றும் இதனை அழைப்பர்.

பெயரைக் கேட்டதும் கணக்குகள் யாவும் ஆகாயத்திலே மிதக்கின்றன என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. கணினிகளை இணைக்கும் வலையமைப்பைப் படமாக வரைந்த பொறியியலாளர்கள், தமது பொறுப்புக்கு அப்பாற்பட்ட பகுதியை ஒரு முகில் வடிவமாக வரைவது வழக்கம். அதனுள் என்ன நிகழ்கிறது என்பதை வரைபவர் விவரிக்கவேண்டியதில்லை என்பதே அதன் பொருள். அந்த வழக்கிலிருந்தே இப்பெயர் பிறந்தது. உண்மையில் முகில் எனப்படுவது தரையிலே, சீமெந்துக் கட்டடங்களுக்குள்ளே, ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும் கணினிகளின் கூட்டமாகும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அவை வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிகள் வேண்டும். இரவுபகலாகக் காவலும் மேற்பார்வையும் வேண்டும். அக்கட்டடங்களைத் தரவு நிலையங்கள் என்பர். அவற்றிலுள்ள கணினிகளின் ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெற்று, பயன்படுத்திய அளவுக்கு மாத்திரம் பணம் செலுத்துவதே முகிற்கணிமையின் சாரம்.

இந்த எண்ணம் திடீரென்று தோன்றியதன்று. இதன் வேர் எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதிலே தேயிலை மணமும் உண்டு. இங்கிலாந்திலே தேநீர்ச் சாலைகளாலும் கேக்கு வகைகளாலும் புகழ்பெற்றிருந்த லயன்ஸ் கம்பனி, தன் கணக்கு வேலைகளைச் செய்வதற்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கணினியைத் தானே அமைத்தது. லியோ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 6,000 வால்வுகளைக் கொண்டு ஒரு பெரிய மண்டபத்தையே நிரப்பிய அவ்வியந்திரம், 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெதுப்பகப் பண்டங்களின் மதிப்பைக் கணிக்கும் வேலையைத் தொடங்கியது. வர்த்தகக் கணக்குக்கு ஒரு மின்னணுக் கணினி நாளாந்தம் பயன்பட்டது அதுவே முதன்முறை எனக் கொள்ளப்படுகிறது.

லயன்ஸ் கம்பனியின் வேலை முடிந்தபின்னும் அவ்வியந்திரத்துக்கு நேரம் மிஞ்சியிருந்தது. அந்த மிச்ச நேரத்தைக் கம்பனி வெளியாருக்கு விற்றது. போர்ட் மோட்டார் கம்பனியின் ஊழியர் சம்பளக் கணக்கும் லியோவினாலே செய்து கொடுக்கப்பட்டது. கணினியை வாங்காமலே கணினியின் பயனைப் பெறலாம் என்னும் உண்மை அன்றே நிலைநாட்டப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1961ஆம் ஆண்டில், ஜோன் மக்கார்த்தி என்னும் அமெரிக்க விஞ்ஞானி மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே உரையாற்றியபோது, தொலைபேசியைப் போலவே கணிப்பாற்றலும் ஒருநாள் பொதுமக்கள் சேவையாக வழங்கப்படக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார்.

அவர் கூறிய நாள் வர நெடுங்காலம் ஆயிற்று. தூரத்திலுள்ள கணினியை நாடுவதற்கு விரைவான தொடர்பு வழிகள் அக்காலத்தில் இல்லை. பின்னர்ச் சிறிய கணினிகள் மலிவாகி, ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒன்றை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் பரவியது. இணையம் உலகெங்கும் படர்ந்து, ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள் போலப் பகுத்து வழங்கும் வித்தையும் முதிர்ந்தபின்னரே பழைய எண்ணம் உயிர்பெற்றது. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசன் கம்பனி தனது சேமிப்பிடத்தை வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு கிகாபைட் தரவை ஒரு மாதம் வைத்திருக்க அன்று 15 சதம் அமெரிக்க நாணயத்தில் அறவிடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கணினியை ஒரு மணித்தியாலத்துக்கு 10 சதத்துக்குப் பெறும் வசதியும் வந்தது. கூகுளும் மைக்ரோசொப்டும் பின்தொடர்ந்தன.

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள மின்சாரத்தின் சரித்திரம் உதவும். ஆதியில் இயந்திரசாலை நடத்திய ஒவ்வொருவரும் தமக்கென நீராவி இயந்திரத்தையோ மின்னாக்கியையோ வைத்திருந்தனர். அதை வாங்கப் பெருமுதல் தேவைப்பட்டது. இயக்க ஆள் தேவைப்பட்டது. அது நின்றால் சாலையும் நின்றது. பொது மின்னிலையங்கள் தோன்றியபின் கம்பியை இணைத்து, மானி காட்டும் அளவுக்குப் பணம் கட்டுவதே போதுமானதாயிற்று. முகிற்கணிமையும் அவ்வாறே கணிப்பாற்றலுக்கு ஒரு கம்பியும் ஒரு மானியும் அமைத்துத் தந்துள்ளது.

அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகம் 2011ஆம் ஆண்டில் முகிற்கணிமைக்கு இலக்கணம் வகுத்தபோது ஐந்து இயல்புகளைக் குறிப்பிட்டது. வேண்டியபோது வாடிக்கையாளரே பெற்றுக்கொள்ளுதல், வலையமைப்பின் வழியே எங்கிருந்தும் அணுகுதல், ஒரே வளத்தைப் பலர் பகிர்தல், தேவைக்கேற்ப விரைந்து விரிதலும் சுருங்குதலும், பயன்பாட்டை அளந்து அறவிடுதல் என்பனவே அவை. அந்நிறுவகம் சேவையை மூன்று வகையாகவும் பிரித்தது. இதனைச் சமையலோடு ஒப்பிட்டு விளக்கலாம். அடுப்பும் பாத்திரமும் மாத்திரம் வாடகைக்கு எடுத்து, அரிசியும் சமையற்காரரும் தம்முடையதாக வைத்துக்கொள்வது முதல்வகை. இதில் வெறும் கணினியும் சேமிப்பிடமும் வழங்கப்படும். மாவரைத்து மசாலை கூட்டிய ஆயத்த நிலையிலுள்ள சமையலறையைப் பெறுவது இரண்டாம் வகை. மென்பொருள் எழுதுவோருக்கு வேண்டிய தளம் இதில் கிடைக்கும். உணவுச்சாலையிற் சென்று அமர்ந்து, இலையில் பரிமாறியதை உண்பது மூன்றாம் வகை. கணக்கு எழுதவும், கடிதம் அனுப்பவும், சரக்கிருப்பைப் பார்க்கவும் ஆயத்தமான மென்பொருளே இதில் வழங்கப்படும். சிறு வர்த்தகர்கள் பெரும்பாலும் நாடுவது இம்மூன்றாம் வகையையே.

இனி இதனால் வரும் நன்மைகளைப் பார்ப்போமாயின், முதலாவது நன்மை முதலைப் பற்றியது. சொந்தமாகச் சேவையகம் வாங்குவோர் பணத்தை முன்னதாகவே முடக்கவேண்டும். வாங்கிய இயந்திரம் சில ஆண்டுகளிற் பழையதாகிவிடும். வாடகை முறையிலோ அந்தப் பணம் சரக்கு வாங்கவும் கடையைப் பெருப்பிக்கவும் கையில் நிற்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு இது பெரிய வாய்ப்பு. அவருடைய முயற்சி தோற்றாலும், அந்த மாத வாடகையோடு நட்டம் நின்றுவிடும்.

இரண்டாவது நன்மை விரிதலும் சுருங்குதலும். புடைவைக் கடைக்குத் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும், பாடசாலைப் புத்தகக் கடைக்கு ஆண்டின் தொடக்கத்திலும் கூட்டம் அலைமோதும். ஏனைய நாட்களில் ஓய்ந்திருக்கும். இணையத்தின் வழியே விற்பனை செய்யும் கடைகளுக்கும் இந்நிலை உண்டு. பெருங்கூட்டத்தைத் தாங்கும் கணினியைச் சொந்தமாக வாங்கினால், ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா கிடக்கும். சாதாரண நாளுக்கு ஏற்றதை வாங்கினால், பண்டிகை நாளில் திணறி நின்றுவிடும். முகிற்கணிமையில் பத்து நாளுக்குப் பத்து மடங்கு ஆற்றலைப் பெற்று, பதினோராம் நாள் திருப்பி விட்டுவிடலாம்.

மூன்றாவது, இடத்தளை நீங்குதல். கடைமுதலாளி வெளியூர் சென்றிருந்தாலும் அன்றைய விற்பனையைத் தம் கைத்தொலைபேசியிற் பார்க்கலாம். இரண்டு ஊர்களில் கிளையுள்ள வர்த்தகர், ஓரிடத்தில் தீர்ந்த சரக்கு மற்ற இடத்தில் உண்டா என்பதை உடனே அறியலாம். நான்காவது, பராமரிப்புச் சுமை குறைதல். இயந்திரத்தைப் பழுதுபார்த்தலும், மென்பொருளைப் புதுப்பித்தலும், மின்சாரம் நின்றால் மாற்று வழி செய்தலும் வழங்குவோர் பொறுப்பாகின்றன. ஐந்தாவது நன்மையே எல்லாவற்றிலும் பெரிது. தரவின் பிரதிகளை ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கட்டடங்களில் வைத்திருக்க முடியும். ஓர் ஊர் வெள்ளத்தில் அமிழ்ந்தாலும் மற்றோர் ஊரிலே பேரேடு பத்திரமாக இருக்கும்.

இந்நன்மைகள் நடைமுறையில் எவ்வாறு அமைந்தன என்பதை அறிய நெட்பிளிக்ஸ் கம்பனியின் அனுபவம் தக்க சான்றாகும். திரைப்பட இறுவட்டுகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பி வாடகை பெறுவதே அதன் தொடக்ககாலத் தொழில். 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதன் தரவுத்தளம் பெரும் பழுதுக்கு உள்ளாயிற்று. இறுவட்டுகள் இருந்தன, ஊழியர் இருந்தனர், தபாற்சேவை இருந்தது. எந்த வட்டை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்லும் கணக்கு மாத்திரம் இல்லை. மூன்று நாட்கள் ஒரு வட்டையும் அனுப்ப முடியவில்லை. பேரேடு கெட்டால் கடை நின்றுவிடும் என்னும் பழைய பாடத்தை ஒரு நவீன கம்பனி கற்றுக்கொண்ட நாட்கள் அவை.

அதன்பின் அக்கம்பனி தனது வேலைகளை அமேசனின் முகிலுக்கு மாற்றத் தீர்மானித்தது. மாற்றம் ஓரிரவில் நிகழவில்லை. இருந்தவற்றை அப்படியே தூக்கிச் சென்று புதிய இடத்தில் வைத்தால் பழைய குறைகளும் கூடவே வரும் என்று கருதிய அதன் பொறியியலாளர்கள், தமது மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துப் புதிதாக அமைத்தனர். ஒரு பகுதி பழுதானாலும் மற்றவை நிற்காமல் ஓடவேண்டும் என்பதே நோக்கம். அதனைச் சோதிப்பதற்காக, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சில கணினிகளைத் தற்செயலாகத் தெரிந்து நிறுத்திவிடும் மென்பொருள் ஒன்றையும் அவர்களே எழுதினர். குழப்பக் குரங்கு என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்து, 2016ஆம் ஆண்டு ஜனவரியிலே இம்மாற்றம் நிறைவெய்தியது. அதே மாதத்தில் மேலும் 130 நாடுகளுக்குத் தனது சேவையை அக்கம்பனி விரித்தது. அத்தனை நாடுகளுக்கும் வேண்டிய தரவு நிலையங்களைத் தானே கட்டியிருந்தால் அவ்விரைவு கைகூடியிராது.

இக்கதையில் இடையிலே ஒரு பாடமும் உண்டு. 2012ஆம் ஆண்டு நத்தார் பண்டிகைக்கு முந்திய இரவிலே, அமேசனின் ஒரு பிரதேசத்தில் ஏற்பட்ட கோளாறினால் நெட்பிளிக்ஸ் சேவை பலருக்குத் தடைப்பட்டது. முகிலும் தடுமாறும் என்பது புலனாயிற்று. அதன்பின் ஒரே பிரதேசத்தை நம்பாமல், ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தாங்கும்படி பல பிரதேசங்களில் அக்கம்பனி தனது சேவையை அமைத்துக்கொண்டது.

ஆகவே நன்மைகளைச் சொல்லும்போது ஆபத்துகளையும் மறைத்தல் தகாது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி அமேசன் ஊழியர் ஒருவர் கட்டளையொன்றைத் தவறாக உள்ளிட்டதனால், எண்ணியதிலும் அதிகமான கணினிகள் சேவையினின்று நீங்கின. எத்தனையோ இணையத்தளங்கள் ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்கள் முடங்கின. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி பிரான்சு தேசத்து ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் தரவு நிலையமொன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்திற் பிரதி வைத்திருந்தோர் விரைவில் மீண்டனர். வைத்திராதோர் சிலர் தமது தரவை என்றென்றைக்குமாக இழந்தனர்.

இலங்கைக்கும் இத்தகைய அனுபவம் ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் முகிற்கட்டமைப்பு, தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. மே மாதம் 17ஆம் திகதி முதல் ஆகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல்களை மீட்க இயலவில்லை. அக்காலப்பகுதிக்குரிய தனிப்பட்ட காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளும் பழைய பதிப்பாகவே இருந்தது. முகிலில் இருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு என்பதை இச்சம்பவம் நன்கு உணர்த்தியது.

இதனாலேயே முகிற்சேவை வழங்குவோர் பொறுப்பை இரண்டாகப் பங்கிட்டுக் கூறுவர். கட்டடமும், இயந்திரமும், மின்சாரமும் வழங்குவோர் பொறுப்பு. உள்ளே வைக்கும் தரவும், அதை யார் பார்க்கலாம் என்னும் அனுமதியும், கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் பொறுப்பு. வங்கியின் நகைப்பெட்டகத்தை எடுத்துக்கொண்டால், சுவரும் காவலும் வங்கியினுடையவை. திறப்பை மேசை லாச்சியில் எறிந்துவிட்டுப் போனவருக்கு வங்கி என்ன செய்ய முடியும்?

செலவைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். வாடகை எப்போதும் மலிவு என்பது மெய்யன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வேலை முடிந்தபின் நிறுத்தாமல் விட்ட கணினிக்கும் மானி ஓடிக்கொண்டேயிருக்கும். வேலையின் அளவு ஏற்றத்தாழ்வின்றி நிலையாக இருக்கும் பெரிய கம்பனிகளுக்குச் சொந்த இயந்திரமே இலாபமாக அமைவதும் உண்டு. மக்களின் கோப்புகளைச் சேமித்துக் கொடுக்கும் டிராப்பொக்ஸ் கம்பனி தொடக்கத்தில் அமேசனின் சேமிப்பிடத்தையே நம்பியிருந்தது. பின்னர்த் தனக்கென வசதிகளை அமைத்துப் பெரும்பகுதியை அங்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டொலர் மிச்சமானதாக 2018ஆம் ஆண்டில் அது பங்கு வெளியீட்டுக்காக அளித்த ஆவணத்தில் கூறப்பட்டது. நெட்பிளிக்ஸ் முகிலுக்குச் சென்றதும் டிராப்பொக்ஸ் முகிலினின்று இறங்கியதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. சில நாளுக்கு மாத்திரம் லொறி வேண்டியவர் வாடகைக்கு எடுப்பார். நாள்தோறும் சுமை ஏற்றுபவர் சொந்தமாக வாங்குவார். இரண்டும் கணக்குப் பார்த்துச் செய்த முடிவுகளே.

அவ்வாறாயின் ஒரு சிறு வர்த்தகர் என்ன செய்யவேண்டும்? சேவையைப் பெறுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் நன்று. மாதந்தோறும் எவ்வளவு செலவாகும், வேலை இரட்டித்தால் எவ்வளவாகும் என்பது முதலாவது. தரவு எந்த நாட்டில், எத்தனை இடங்களில் வைக்கப்படுகிறது என்பது இரண்டாவது. வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் சேகரிப்போர் அவற்றைக் காக்கும் கடமை பற்றி இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளமையால் இக்கேள்வி முக்கியமானது. சேவையை விட்டு விலக விரும்பினால் தரவு முழுவதையும் வேறு கணினி வாசிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறலாமா என்பது மூன்றாவது. போகும் வழி எளிதாயும் திரும்பும் வழி கடினமாயும் இருக்கும் இடத்தில் பேரேட்டைக் கொண்டுபோய் வைக்கலாகாது. இணையத்தொடர்பு அறுந்த வேளையில் கடை எவ்வாறு இயங்கும் என்பது நான்காவது. மின்சாரமும் இணையமும் தடைப்படும் ஊர்களில், தொடர்பு இல்லாதபோது விற்பனையைக் கணினியிலேயே குறித்துவைத்து, தொடர்பு வந்தபின் முகிலோடு சேர்த்துவிடும் மென்பொருளே ஏற்றது.

இவற்றோடு ஒரு நற்பழக்கமும் சேரவேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது கணக்குகளின் பிரதியொன்றை எடுத்து, முகிலோடும் இணையத்தோடும் தொடர்பில்லாத தனி வன்றட்டிலே வைத்துப் பூட்டிவிடல் வேண்டும். எடுத்த பிரதி மீண்டும் திறக்கிறதா என்பதை இடையிடையே சோதித்தலும் வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதி, பழுதான பின்னரே பயனற்றதென்று தெரியவரும்.

லயன்ஸ் கம்பனியின் மண்டபத்தை நிரப்பிய லியோவின் ஆற்றலை விடப் பன்மடங்கு ஆற்றலை, இன்று ஒரு கிராமத்துக் கடைக்காரர் மாத வாடகைக்குப் பெறமுடிகிறது. பெருங்கம்பனிகளுக்கு மாத்திரம் உரியதாயிருந்த கருவி சிறுவர்களின் கைக்கும் சிறு வர்த்தகரின் கைக்கும் எட்டியிருப்பது இக்காலத்தின் பேறுகளுள் ஒன்று. அதனை அஞ்சி ஒதுக்குதலும் வேண்டா. ஆழம் அறியாமற் காலை விடுதலும் வேண்டா. இயந்திரத்தை வாடகைக்குப் பெறலாம். இடத்தை வாடகைக்குப் பெறலாம். காவலையும் வாடகைக்குப் பெறலாம். பேரேட்டைக் காக்கும் பொறுப்போ என்றும்போல் அதன் சொந்தக்காரரிடமே இருக்கிறது.